உறையில் இருக்கும் வாள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை இரவுகளில் நாங்கள் ஐவர் கூடி கற்பனைப் பாத்திரங்களாக நடித்து ஆடும் மேசை விளையாட்டான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். அரக்கர்களோடு மோதுவதைவிட ஆயுத விதிகளோடு மோதுவதே அதிகம். 2014ஆம் ஆண்டு விதிநூலின்படி, ஒருவர் தம் முறை வரும்போது, தாக்குதல் போன்றவற்றுக்கு உரிய ‘செயல்’ என்ற வாய்ப்பைச் செலவழிக்காமல் ஒரு பொருளை மட்டுமே கையாளலாம் என்பதால், ஒரே முறையில் இரு தாக்குதல்கள் உடைய வீரன் உறையிலிருந்து ஓர் எறியீட்டியை உருவி எறிந்தபின், அடுத்ததை உருவ வழியின்றி நிற்பான். ஆட்டத்தை நடத்தும் நான் இதை எழுத்துக்கு எழுத்து நடத்தி, நண்பர்களிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். 2024ஆம் ஆண்டு விதிநூலோ, எறியும் ஆயுதத்தை உருவுவதைத் தாக்குதலின் பகுதியாகவே ஆக்கிவிட்டது.

இருகை ஆயுதத்தைப் பற்றியும் நீண்ட தகராறு நடந்தது. தாக்கும் கணத்தில்தான் இரு கைகளும் தேவை; மற்ற நேரத்தில் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் மந்திரத்திற்கான சைகை காட்டலாம். செம்பனைத் தோட்டத்தில் குலை அறுக்கும் என் மாமா, நீண்ட கழி அரிவாளை ஒரு கையால் தோளில் சாய்த்து நடந்து, மரத்தடியில்தான் இரு கைகளாலும் பிடிப்பார் என்று சொன்னதும், எதிர்ப்பு அடங்கிற்று.

கேடயத்தை அணியவும் கழற்றவும் ஒரு முழுச் செயல் வேண்டும். அதையும் வாளைப்போல் சட்டெனக் கீழே போடலாம் என்று போர்வீரராக ஆடும் எங்கள் நண்பர் இன்னும் வாதிடுகிறார், நான் இணங்கவில்லை.