ஒரு கினிக்கு ஒரு பெயர்

லீட்ஸ் நகரில் செயின்ட் ஜேம்ஸ் மருத்துவமனைக்கு எதிரே பெக்கெட் தெருக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1845-இல் திறந்தது. பஸ் வரும்வரை உள்ளே ஒரு சுற்று நடப்பேன். பிப்ரவரியில் அப்படி நடந்தபோது ஒரு கல்லைப் படம் எடுத்தேன். ஆறு பெயர்கள், ஆறும் வெவ்வேறு குடும்பப் பெயர்கள். ஏதோ கூட்டுக் குடும்பம் என்று நினைத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அது கினிக் கல்லறை. அந்தக் காலத்தில் தனிக் கல் வைக்க வசதியில்லாதவர்கள் ஒரு கினி, அதாவது 21 சில்லிங், கட்டினால் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே குழியில் புதைத்து, பொதுக்கல்லில் பெயர் வெட்டிக் கொடுப்பார்கள். கல்லின் பின்புறமும் பெயர்கள் உண்டு.

ஐந்தாவது பெயரைப் பிடித்துக்கொண்டேன். எலிசபெத் என்று வைத்துக்கொள்வோம். இறந்தது 1889 மார்ச், வயது 47. தேய்ந்துபோன எழுத்தைப் படிக்க, இருட்டும் நேரத்தில் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். சாக்பீஸ், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம், கல் பாழாகிவிடும்.

அடுத்த மூன்று வாரம் வீண். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதே பெயரில், கணக்குக்குச் சரியாக 39 வயதில், லீட்ஸின் ஹன்ஸ்லெட் பகுதியில் ஒருத்தி கிடைத்தாள். கணவன், பிள்ளைகள், தெரு எல்லாம் குறித்து ஒரு நோட்டே நிரம்பிவிட்டது. கடைசியில் பார்த்தால் 1891 கணக்கெடுப்பிலும் அதே வீட்டில் துணி வெளுத்துக்கொண்டு உயிரோடு இருக்கிறாள்! நோட்டை மூடி வைத்துவிட்டு இறப்புச் சான்றிதழுக்குப் பணம் கட்டினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

சான்றிதழ் வந்தது. இடம் குவாரி ஹில், லீட்ஸில் ஏழைகள் வாழ்ந்த பகுதி. காரணம் காசநோய். தொழில் என்ற கட்டத்தில் ‘கூலித் தொழிலாளியின் மனைவி’. தகவல் சொன்னவள் மகள், கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி. இந்த முகவரியை வைத்து 1881-க்குத் திரும்பினால் அசல் எலிசபெத் அங்கே இருக்கிறாள், வயது 36 என்று. 1871-இல் 29. பத்து வருஷத்தில் ஏழு வயதுதான் கூடியிருக்கிறது! எலிசபெத் தானே குறைத்துச் சொன்னாளா, கணவன் குத்துமதிப்பாகச் சொன்னானா, யார் கண்டது.

பிறந்த வீட்டுப் பெயரைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகள்தான் வழி. பிறப்பு, இறப்பு, திருமணங்களைப் பதியும் பொதுப் பதிவகத்தின் இணையதள அட்டவணையில் 1837 முதலே குழந்தையின் பெயருக்கு நேராகத் தாயின் கன்னிப் பெயர் இருக்கிறது. நான்கு பிறப்புகள் தேறின. இறப்பு அட்டவணையில் அதே குடும்பப் பெயரில் இரண்டு, ஒன்று எட்டு மாதம், ஒன்று மூன்று வயது. அன்று மேற்கொண்டு தேடவில்லை.

திருமணம் 1863. திருமண அட்டவணையில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் ஒரே தொகுதி, ஒரே பக்க எண்ணில் வந்தால் பொருத்தமாக இருக்கலாம். லீட்ஸுக்குத் தொகுதி எண் 9பி. ஆனால் பதிவகத்தில் இருப்பது நகல்தான். கையெழுத்தைப் பார்க்கத் தேவாலயப் பதிவேட்டின் படம் வேண்டும். அதில் அப்பாக்கள் இருவர் பெயரும் தொழிலும் உண்டு, அம்மாக்களுக்குக் கட்டமே கிடையாது. இங்கிலாந்தில் அந்தக் கட்டம் வந்தது 2021-இல்! மாப்பிள்ளை பெருக்கல் குறி போட்டிருக்கிறான். அதற்குக் கீழே, கொஞ்சம் சாய்ந்து, மை ஊறி, எலிசபெத் தன் கையால் எழுதிய பெயர். அந்தப் படத்தை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

இன்னும் பின்னால் போனால் 1861 கணக்கெடுப்பு, லீட்ஸின் ஹோல்பெக் பகுதி. விதவைத் தாயோடு, வயது 19, தொழில் ‘ஆளிநார் நூற்பவள்’. ஹோல்பெக் என்றதும் எகிப்தியக் கோவில்போல் முகப்பு வைத்த மார்ஷல் ஆலையில் அவளைக் கொண்டுபோய் நிறுத்த ஆசைதான். அந்தப் பக்கம் வேறு ஆலைகளும் இருந்ததால் நோட்டில் எழுதவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு 1871, 1881 இரண்டிலும் தொழில் கட்டம் காலி. பிழைப்புக்கு ஒன்றுமே செய்யாமல் குவாரி ஹில்லில் குடும்பம் ஓடியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

இப்போது மகளைத் தேடுகிறேன். அம்மா எழுதினாள், மகள் குறி போட்டாள். 1891-இல் அவள் தையல்காரி என்று கிடைத்திருக்கிறாள், வயது மட்டும் இரண்டு குறைகிறது. இந்த முறை சான்றிதழ் வரும்வரை நோட்டைத் திறக்கப் போவதில்லை.