குட்டிகளின் துடிப்பு: ஜனவரிக் குறிப்புகள்

2024 ஜனவரி 9, செவ்வாய்

ராத்திரிக்குள் இரண்டு எலிகளும் குட்டி போட்டுவிட்டன. ஒன்றுக்குப் பதினொன்று, மற்றதற்குப் பத்து. மயிர் இல்லை. கண்ணும் காதும் மூடிக் கிடக்கின்றன. தோல் அவ்வளவு மெல்லியது, குடித்த பால் வயிற்றில் வெள்ளைப் பட்டையாக வெளியே தெரிகிறது. அந்தப் பட்டை தெரிந்தால் தாய் பால் கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். இருபத்தொரு குட்டியிலும் தேடிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இருந்தது.

பதினொன்று போட்டது, சினைக்காலம் முழுக்கப் புரதம் குறைந்த தீனி தின்ற தாய். அதன் குட்டிகள் ஐந்து கிராமை ஒட்டி நிற்கின்றன. நல்ல தீனி தின்ற மற்றதன் குட்டிகள் ஆறைத் தாண்டிவிட்டன. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு நிறை குறைந்து பிறக்கிற பிள்ளை புதுக்கதை இல்லை. அந்தப் பிள்ளையின் இதயத்தை நடத்துகிற நரம்புகள் எப்படி வளர்கின்றன என்பதைத்தான் இங்கே கண்டிப் பக்கத்து ஆய்வுகூடத்தில் எலிக்குட்டியில் தேடுகிறோம்.

ஜனவரி 11, வியாழன்

முதல் பதிவு. மயக்க மருந்து கொடுப்பதில்லை; கொடுத்தால் நாம் அளக்க வந்த நரம்பையே அது அடக்கிவிடும். சூடேற்றும் மெத்தை மேல் ஒரு சின்னக் கிண்ணம், அதற்குள் குட்டி, நெஞ்சில் ஜெல் தடவிய மூன்று மின்வாய்கள். தொடும் முன் கையுறையைக் கூட்டின் மரச்சீவலில் நன்றாகத் தேய்த்துக்கொள்ள வேண்டும். அந்நிய வாசம் பட்ட குட்டியைத் தாய் ஒதுக்கிவிடலாம், கடித்தும் விடலாம். தாயை விட்டுப் பத்து நிமிடத்துக்கு மேல் பிரித்து வைப்பதில்லை. தனியாகக் கிடக்கிற குட்டி ஏறத்தாழ 40 கிலோஹெர்ட்ஸில் கத்தும். நம் காது 20க்கு மேல் கேட்காது. கிண்ணத்தில் குட்டி சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது.

மென்பொருளில் இரண்டு விஷயத்தைத் திருத்த வேண்டியிருந்தது. ஒன்று, பதியும் வேகம். நிமிடத்துக்கு 400 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே 150 மில்லி செக்கன். அந்த இடைவெளி துடிப்புக்குத் துடிப்பு எவ்வளவு கூடிக் குறைகிறது என்பதுதான் மாறுபாடு. இவ்வளவு சின்ன உயிரில் அது சில மில்லி செக்கன்தான். செக்கனுக்கு 250 தடவை பதிந்தால் இரண்டு புள்ளிக்கு நடுவே 4 மில்லி செக்கன் போய்விடும். தேடி வந்ததே அந்த இடுக்கில் விழுந்துவிடும். 2000 என்று மாற்றினேன். மற்றது அலைவரிசை. மூச்சோடு சேர்ந்து வருகிற ஏற்ற இறக்கத்துக்கு, இந்த மாறுபாட்டை அளப்பது பற்றி 1996இல் வந்த வழிகாட்டி சொல்வது 0.15 முதல் 0.4 ஹெர்ட்ஸ் வரை. அது மனிதனுக்கு. எலி மூச்சு விடும் வேகத்துக்கு 1 ஹெர்ட்ஸுக்கு மேல் பார்க்க வேண்டும். மென்பொருள் கேட்காமலே மனிதக் கணக்கைப் போட்டு வைத்திருந்தது.

ஜனவரி 14, ஞாயிறு

நான்கு நாள் பதிவை வைத்துக் கோடு வரைந்தேன். வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது! புரதம் குறைந்த பக்கத்துக் குட்டிகளுக்குத் துடிப்பு மெதுவாக இருக்கிறது, மாறுபாடும் வேறாக இருக்கிறது. ஆய்வை மேற்பார்க்கும் மெடத்துக்கு உடனே அனுப்பிவிட்டேன். சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

ஜனவரி 15, பொங்கல்

வீட்டுக்குப் போகவில்லை. பதிவு ஒருநாள் விட்டாலும் வளர்ச்சிக் கோட்டில் ஓட்டை விழும்.

ஊரிலிருந்து, பொகவந்தலாவையிலிருந்து, அம்மா போனில் கூப்பிட்டார். அண்ணிக்கு மாதம் முந்திப் பிறந்த பிள்ளை இன்னும் பெரியாஸ்பத்திரியில்தான். "பொட்டியில ஒரு நம்பர் மட்டும் ஓடுது, நூத்தி நாப்பது, நூத்தி அம்பதுன்னு. அது நல்லதா கெட்டதா?" என்று கேட்டார். கைக்குழந்தைக்கு அது சரியான எண்தான் என்றேன். பிறகு, "எலிக்கெல்லாம் இப்பிடிப் பாக்குறீங்களே, நம்ம புள்ளைக்குப் பாக்க மாட்டாங்களா?" என்றார்.

அம்மாவிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். வயிற்றுப் பிள்ளை திணறும்போது எண் மாறுவதற்கு முன்பே இடைவெளிகளின் ஏற்ற இறக்கம் மாறிவிடுகிறது என்று ஹோன், லீ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1963லேயே காட்டினார்கள். இரத்தத்தில் கிருமி பரவத் தொடங்கிய குறைமாதப் பிள்ளைக்கும் அப்படித்தான்: காய்ச்சல் தெரியும் முன்பே துடிப்பின் ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும். அமெரிக்காவில் நிறை மிகக் குறைந்த 3003 பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. அந்தக் கணக்கைத் திரையில் காட்டிய பக்கத்தில் இறப்பு 8.1 வீதம், காட்டாத பக்கத்தில் 10.2 வீதம் என்று 2011இல் வெளியிட்டார்கள். நூறு தொட்டிலில் இரண்டு பிள்ளை.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒரே மாதிரி அடிச்சாத்தான் நல்லதுன்னு நெனச்சேன்" என்றார். நானும் இந்தப் படிப்புக்கு வரும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஜனவரி 17, புதன்

தினமும் கதவோரத்துப் பெட்டியில்தான் தொடங்குவேன். அது புரதம் குறைந்த தாயின் பெட்டி. இன்று வெள்ளன வந்தபோது விலங்கறை மாமா அதற்குச் சீவல் மாற்றிக்கொண்டிருந்தார். அதனால் மற்றப் பெட்டியை முதலில் எடுத்தேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து இதை எடுத்தேன்.

முடிவு தலைகீழ். இன்று நல்ல தீனி தின்ற பக்கம்தான் மெதுவாக அடிக்கிறது.

கை நடுங்க வெப்பமானியைக் கிண்ணத்தின் அடியில் வைத்தேன். காலை ஏழரைக்கு மெத்தையைப் போட்ட உடனே 27.4 பாகை. பத்து மணிக்கு 34.1. தை மாதக் குளிரில் மெத்தை சூடேற முக்கால் மணி நேரம் பிடிக்கிறது, நான் ஐந்து நிமிடம்கூடப் பொறுத்ததில்லை. இந்த வயதுக் குட்டிக்குத் தன் சூட்டைத் தானே காக்க முடியாது. கூட்டில் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடப்பதே அதற்குத்தான். உடம்பு குளிர்ந்தால் இதயம் மெதுவாகும். இடைவெளி நீண்டால் மாறுபாட்டுக் கணக்கும் தானாக மாறிவிடும். ஆறு நாளாக நான் புரதத்தை அளக்கவில்லை. விடிகாலைக் குளிரை அளந்திருக்கிறேன்.

பதினொரு குட்டியையும் நாள் தவறாமல் குளிரில் போட்டிருக்கிறேன் என்பதுதான் அதைவிட வலிக்கிறது. அப்பாயி, தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தவர். ஆறரைக்கு அம்மாமார் மலைக்குப் போகும் அவசரத்தில் பிள்ளையை நீட்டினாலும் உடனே வாங்கமாட்டார். சுடுதண்ணிப் போத்தலில் இரண்டு உள்ளங்கையையும் ஒத்தி, கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்த பிறகுதான் வாங்குவார். நான் அதைப் பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்தவள்.

ஜனவரி 18, வியாழன்

மெடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. பதிவுப் புத்தகத்தை வாங்கி, முதல் ஆறு நாளுக்கும் குறுக்கே சிவப்புப் பேனையால் "வெப்பம் பதியப்படவில்லை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, என்னையும் போடச் சொன்னார். ஒரு பக்கத்தையும் கிழிக்கக்கூடாது என்றார்.

பிறகு இன்னொன்றும் சொன்னார். பதினொரு குட்டி இருக்கிறது என்று பதினொன்றாக எண்ணாதே, ஒரே தாயின் வயிற்றிலிருந்து வந்தவை, கணக்கில் அது ஒன்றுதான். ஆகவே குட்டிகளை எவ்வளவு கூட்டினாலும் பிரயோசனமில்லை, தாய்கள்தான் கூட வேண்டும். விலங்கின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி ரஸ்ஸலும் பேர்ச்சும் 1959இல் எழுதியதை மூன்று வருடமாகப் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். நான் ஐந்து நிமிடம் பொறுக்காததால் இன்னும் எத்தனை குட்டிகள் பிறக்க வேண்டியிருக்கிறது!

ஜனவரி 23, செவ்வாய்

பதினான்காம் நாள். காது திறந்து இரண்டு நாளாகிறது, மேலெல்லாம் வெள்ளைப் பூமயிர். இன்று மூன்று குட்டிக்குக் கண் திறந்திருக்கிறது. ஒன்றுக்கு இடது கண்ணில் மட்டும் நூல்போல ஒரு கீறல், அதற்குள் செம்மணி மாதிரி ஒரு மினுக்கம்.

இப்போது மெத்தையை ஆறரைக்கே போடுகிறோம். கிண்ணம் 34 பாகையைத் தொடும் முன் எந்தக் குட்டியையும் எடுப்பதில்லை. பதிவுப் புத்தகத்தில் வெப்பத்துக்கு ஒரு நிரல் கோடு போட்டுச் சேர்த்திருக்கிறேன். ஐந்து நாளாக இரண்டு பக்கத்துத் துடிப்பும் ஒன்றை ஒன்று ஒட்டியே போகிறது. நிறையில் மட்டும் வித்தியாசம் அப்படியே நிற்கிறது. இதயத்தை வேகப்படுத்தும் நரம்பு பிறந்த பிறகுதான் மெல்ல மெல்ல வேலைக்கு வருகிறது. எலியில் அதற்கு இரண்டு மூன்று கிழமையாகும். மாறுபாட்டில் ஏதாவது தெரிய வேண்டுமென்றால் இனித்தான் தெரியும்.

அண்ணியின் பிள்ளையை நேற்று பெட்டியிலிருந்து எடுத்து நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்ளக் கொடுத்தார்களாம். நாளைக்கு இங்கே முதலில் பத்துக் குட்டிப் பெட்டி, பிறகு பதினொன்று.