டிசம்பர் 13க்குள்

அக்டோபர் 27, 2024

நியூஜெர்சியை விட்டு நான் கிளம்பியது 2023 டிசம்பர் 14. மூன்று வாரம் அம்மாவோடு சென்னை நங்கநல்லூரில் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் டிக்கெட். ஜனவரி முதல் வாரம் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார், இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன், அப்புறம் தையல் போட்ட இடத்தில் சீழ், மறுபடி ஆஸ்பத்திரி, இப்போதுதான் வாக்கர் பிடித்து ஹாலைக் கடக்கிறார். பத்தரை மாதம் ஓடிவிட்டது.

அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்க அனுமதிக்கும் என் கிரீன் கார்டில் காலாவதித் தேதி 2029 என்று இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இத்தனை நாள் நிம்மதியாக இருந்தேன். ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் அந்த கார்டைக் காட்டி உள்ளே நுழைய முடியாது என்று என் கணவர் நேற்று போனில் சொன்னார். கணக்குப் போட்டேன். டிசம்பர் 13.

நவம்பர் 8

எதிர் வீட்டு மாமா, "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போய்த் தலையைக் காட்டிட்டு வந்தா போதும்மா" என்கிறார். இங்கே நிறைய பேர் இப்படித்தான் நம்புகிறார்கள். அது போதாது. நம் நிரந்தர வீடு அங்கேதான், இது தற்காலிகப் பயணம்தான் என்று தெரிய வேண்டும், அதைத்தான் அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகள் பார்ப்பார்கள். 180 நாளைத் தாண்டினாலே புதிதாக அனுமதி கேட்டு வருபவர் போல நடத்தலாமாம். குடியுரிமை கேட்க அங்கே ஐந்து வருடம் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும், அந்தத் தொடர்ச்சி வேறு, ஆறு மாதம் தாண்டினால் அறுந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள், அறவில்லை என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

கிளம்பும் முன்பே ரீ-என்ட்ரி பர்மிட்டுக்கு, அதாவது நீண்ட நாள் வெளியே இருந்துவிட்டுத் திரும்ப நுழையும் அனுமதிக்கு, ஐ-131 படிவம் போட்டிருந்தால் இரண்டு வருடம் வரை கவலை இருந்திருக்காது. அதை அமெரிக்காவில் இருக்கும்போதுதான் போட முடியும், இங்கிருந்து முடியாது. மூன்று வாரப் பயணத்துக்கு யார் அதையெல்லாம் போடுவார்கள்?

நவம்பர் 19

ஃபைல் தயார். டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டு, டாக்டரின் கடிதம், பயன்படுத்தாத ரிட்டர்ன் டிக்கெட், வீட்டுக் கடன் கட்டிய ரசீதுகள், அங்கே வசிப்பவளாகவே தாக்கல் செய்த வருமான வரி. அவரும் பையனும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள், அதைவிட என்ன சாட்சி வேண்டும். ஒரு தோழி திரும்பத் திரும்பச் சொன்னாள்: விமான நிலையத்தில் ஐ-407 என்று ஒரு படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதே, அது கார்டை நாமே விட்டுக்கொடுப்பது, குடியேற்ற நீதிபதி முன் பேச உனக்கு உரிமை இருக்கிறது.

30ஆம் தேதி இரவுக்கு டிக்கெட் போட்டாயிற்று. அம்மா, "மார்கழி பொறந்ததும் போகக் கூடாதாடி" என்றார். மார்கழி பிறப்பது டிசம்பர் 16. மூன்று நாள் தள்ளி. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கோலப்பொடி டப்பாவை எடுத்து நிரப்பினேன்.

நவம்பர் 30

ஃபெஞ்சல் புயல். காலையிலிருந்து கொட்டுகிறது, விமான நிலையத்தை மூடிவிட்டார்கள், என் விமானம் ரத்து. இந்தத் தெருவில் பிறந்ததிலிருந்து தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டே பழக்கம், இன்று மழையும் காற்றும் மட்டும்தான். கஸ்டமர் கேரில் இரண்டு மணி நேரம் காத்திருந்து டிசம்பர் 4க்கு மாற்றினேன். அன்றிலிருந்து கெடுவுக்கு ஒன்பது நாள்தான் மிச்சம். கை நடுங்கியது உண்மை.

டிசம்பர் 4

போனதும் முதல் வேலை ரீ-என்ட்ரி பர்மிட். அதற்குக் கைரேகை கொடுக்கும்வரை அங்கே இருந்துவிட்டு, பங்குனிக்குள் வந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை அண்ணனும் அண்ணியும் இங்கேயே தங்குகிறார்கள்.

மத்தியானம் அம்மா ஒரு தாள் கேட்டார். "எம் பொண்ணு என்னைப் பாத்துக்கத்தான் இருந்தான்னு நானே எழுதித் தரேன்." தமிழில்தான் எழுதினார், நாலு வரி, கீழே கோணல்மாணலாகக் கையெழுத்து. தேதி போடச் சொன்னேன், போட்டார். ஃபைலில் டாக்டர் கடிதத்துக்கு மேலே வைத்திருக்கிறேன். பத்து மணிக்கு டாக்ஸி.