பதினாறு என்று எழுதியிருந்தது

சாலிகிராமத்திலும் வடபழனியிலும் உள்ள டப்பிங் ஸ்டுடியோக்களுக்காக அமெரிக்கத் தொடர்களின் வசனத்தைத் தமிழில் எழுதித் தரும் வேலையைப் பதினொரு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ஒப்பந்தப்படி நான் எழுதிய தொடர்களின் பெயர்களை வெளியே சொல்லக்கூடாது என்பதால் அவற்றைப் பெயரில்லாமலேயே குறிப்பிடுகிறேன். ஒவ்வொரு தொடருடனும் பாத்திரங்களின் பட்டியல் ஒன்று வரும். பெயர், யாருக்கு யார் என்ன உறவு, வயது ஆகியவை அதில் இருக்கும். நான் எழுதிய முதல் பள்ளிக்கூடத் தொடரில் கதாநாயகனின் பெயருக்கு எதிரே 16 என்று எழுதியிருந்தது. படத்தை ஓடவிட்டபோது திரையில் வந்தவருக்குச் சவரம் செய்த பச்சை படர்ந்த தாடையும், அகன்ற தோள்களும், சிரிக்கும்போது கண்ணோரத்தில் மெல்லிய கோடுகளும் இருந்தன. அவர் புத்தகப் பையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு வகுப்பறைக்குள் நுழைந்தார். இத்தனை ஆண்டுகள் கழித்து இந்தப் பத்தியை எழுதும்போதுகூட எனக்கு 'அவன்' என்று எழுதக் கை வரவில்லை.

ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. பள்ளி மாணவனையும் தலைமை ஆசிரியரையும் அவர் ஒரே முன்னிலைச் சொல்லால் அழைத்துவிடலாம். தமிழிலோ ஒருவரைப் பார்த்து வாயைத் திறப்பதற்கு முன்பே அவருடைய வயது நமக்குத் தெரிந்தாக வேண்டும். 'வா', 'வாங்க', 'வாடா' என்று வினைச்சொல்லின் கடைசி எழுத்துவரை அந்தக் கணக்கு ஓடும். தெரியாதபோது முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். அந்தத் தொடரின் மூன்றாவது பகுதியில், பள்ளிக்குப் புதிதாக வந்த ஒரு பெண் கதாநாயகனிடம் நூலகத்துக்கு வழி கேட்கிறாள். "லைப்ரரி எங்க இருக்குன்னு கொஞ்சம் சொல்றீங்களா?" என்று அவளுக்கும், "நேரா போய் இடது பக்கம் திரும்புங்க" என்று அவனுக்கும் எழுதியிருந்தேன். டப்பிங் இன்சார்ஜாக இருந்த பெண்மணிக்கு அந்தத் தொழிலில் முப்பது ஆண்டு அனுபவம். தாளைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பேங்க்ல ஃபாரம் கேக்கற மாதிரி எழுதியிருக்கீங்க? ரெண்டும் ஸ்கூல் பிள்ளைங்கப்பா" என்றார். பிறகு மானிட்டரை அணைத்துவிட்டு ஆங்கில வசனத்தை மட்டும் என் முன்னால் வைத்தார். "படத்தைப் பாக்காம ஒருதடவை எழுதுங்க. உதட்டுக்கு அப்புறமா பொருத்திக்கலாம்" என்றார். அன்றிலிருந்து பள்ளிக்கூடத் தொடர் எதுவாக இருந்தாலும் முதல் வரைவை நான் படம் பார்க்காமல்தான் எழுதுகிறேன்.

பதினாறு வயதுக்குப் பதினாறு வயதுக்காரரையே ஏன் நடிக்க வைப்பதில்லை என்று அப்போது எனக்குக் கோபமாகவே இருந்தது. காரணத்தைத் தேடிப் படித்த பிறகு அந்தக் கோபம் பாதியாகக் குறைந்தது. கலிஃபோர்னியாவில் 16, 17 வயது நடிகர் ஒருவர் பள்ளி நாளில் 6 மணி நேரத்துக்கு மேல் படப்பிடிப்பில் வேலை செய்யக்கூடாது. அதற்கு மேல் 3 மணி நேரம் படப்பிடிப்புத் தளத்திலேயே பாடம் நடக்க வேண்டும். அதற்கென ஓர் ஆசிரியர் உடனிருக்க வேண்டும். 9 முதல் 15 வயதுவரை உள்ளவர்களுக்கு வேலை நேரம் இன்னும் ஒரு மணி நேரம் குறைவு. சம்பளத்தில் 15 விழுக்காட்டைப் பிள்ளையின் பெயரில் தனியாகப் போட்டுவைக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. சாப்ளினுடன் நடித்த ஜாக்கி கூகன் என்ற சிறுவன் வளர்ந்து பார்த்தபோது, தான் சம்பாதித்த பணமெல்லாம் கரைந்துபோயிருந்த வழக்கிலிருந்து 1939-இல் பிறந்த சட்டம் அது. ஒரு சீசனுக்கு இருபதுக்கும் மேற்பட்ட பகுதிகளை எடுக்கும் தொடரில் இந்த விதிகளெல்லாம் பணமாகவும் நாளாகவும் மாறுகின்றன. ஆகவே நடிகர் தேர்வு அறிவிப்பிலேயே '18 வயதானவர், இளையவராக நடிக்கத் தக்கவர்' என்று கேட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளைக் காப்பதற்காக எழுதிய சட்டம் பிள்ளைகளின் வேடத்தைப் பெரியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டம் இருந்தே தீர வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. குழந்தை நடிகர்களை இரவெல்லாம் விழிக்கவைத்து வேலை வாங்கியதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

இந்த வழக்கத்தை உலகம் முழுவதும் பழக்கிவிட்ட தொடர் 1990 அக்டோபரில் தொடங்கிய 'பெவர்லி ஹில்ஸ், 90210'. அதில் பள்ளி மாணவி ஆண்ட்ரியாவாக நடித்த கேப்ரியல் கார்டெரிஸுக்கு அப்போது 29 வயது. அவளுடைய வகுப்புத் தோழனாக நடித்த இயன் ஜீரிங்குக்கு 26. டோரி ஸ்பெல்லிங்குக்கு உண்மையிலேயே 17. மூவரும் ஒரே வளாகத்தில், ஒரே வயதினராக நடந்துபோனார்கள், பார்த்தவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

பார்வையாளர் ஏற்றுக்கொள்வதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை என்பதுதான் என் வேலை எனக்குக் காட்டியது. ஒரு தொடரில் கதாநாயகன் நண்பனின் காரைக் கேட்காமல் எடுத்துப்போய்ச் சுவரில் இடித்துவிட்டு, தனக்குத் தெரியாது என்று பொய் சொல்கிறான். படத்தைப் பார்த்து நான் எழுதிய வரி, "எனக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல." முகத்தை மறந்து ஆங்கில வசனத்தை மட்டும் மறுபடி படித்தபோது அங்கே இருந்தது வேறொரு ஆள். பாதியில் நிற்கும் வாக்கியங்கள், சொன்னதையே திரும்பச் சொல்லும் பதற்றம், தேவையில்லாத ஒரு சத்தியம். "நான் அந்தப் பக்கமே போகலடா, சத்தியமா போகல" என்று மாற்றி எழுதினேன். முதல் வரியைச் சொல்கிறவன் அயோக்கியன். இரண்டாவதைச் சொல்கிறவன் பயந்துபோன பையன். எழுத்தாளர் எழுதிக்கொடுத்தது பையனைத்தான். இருபத்தெட்டு வயது முகத்தில் அந்தப் பொய்யைப் பார்த்ததும், நான் அதை இருபத்தெட்டு வயதுக்காரரின் பொய்யாகவே எடுத்துக்கொண்டேன். பதினாறு வயதில் செய்கிற தவறுக்கு நாம் கொடுக்கிற மன்னிப்பில் பெரும்பகுதி அந்த முகத்தைப் பார்த்துக் கொடுப்பதுதான். அந்த முகத்தை எடுத்துவிட்டால் மன்னிப்பும் போய்விடுகிறது.

இது எனக்குச் சட்டென்று உறைத்ததற்குக் காரணம் உண்டு. எட்டாம் வகுப்பிலேயே எனக்கு மீசை அரும்பிவிட்டது. வகுப்பில் எல்லோரையும்விட ஒரு சாண் உயரம். இலவச பஸ் பாஸை நீட்டினால் நடத்துநர் அட்டையையும் என்னையும் மாறிமாறிப் பார்ப்பார். அது பெரிதில்லை. ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் மூன்று பேர் பந்து விளையாடி ஆய்வகத்தின் கண்ணாடியை உடைத்தோம். மற்ற இருவரையும் ஆசிரியர் காதைத் திருகி அனுப்பிவிட்டார். என்னை மட்டும் நிறுத்திவைத்து, "எருமை மாதிரி வளர்ந்திருக்க, அவனுங்க சின்னப் பசங்க, உனக்குப் புத்தி எங்க போச்சு?" என்று கேட்டார். அந்த 'சின்னப் பசங்க'ளில் ஒருவன் என்னைவிட நான்கு மாதம் மூத்தவன். அப்பாவைக் கூட்டிவந்த பிறகுதான் வகுப்பில் உட்கார விட்டார்கள். வளர்ந்த உடம்புக்குள் இருக்கும் பிள்ளையை யாரும் பார்ப்பதில்லை என்று அன்று பட்டதை, முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு டப்பிங் தாளில் நானே இன்னொரு பையனுக்குச் செய்துகொண்டிருந்தேன்.

விதிவிலக்குகளும் உண்டு. தேவி விஸ்வகுமார் என்ற அமெரிக்கத் தமிழ்ப் பெண்ணின் கதையைச் சொன்ன 'நெவர் ஹேவ் ஐ எவர்' 2020 ஏப்ரல் 27 அன்று வெளியானபோது, தேவியாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணனுக்கு 18 வயதுதான். கனடாவில் வளர்ந்த ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பெண் அவர். சுமார் 15,000 பேரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவி ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு அழும்போது, 'பாவம், சின்னப் பொண்ணு' என்று பார்க்கிறவர் மனம் தானாகச் சொல்கிறது. அவள் காதலிக்கும் பள்ளித் தோழனாக நடித்த டேரன் பார்னெட்டுக்கு அதே நாளில் 29-வது பிறந்தநாள். அவர் நல்ல நடிகர். ஆயினும் அதே பள்ளி நடைவழியில் இவருடைய தடுமாற்றங்களை நாம் வேறொரு தராசில் நிறுக்கிறோம் என்பதை, இருவரும் சேர்ந்து நிற்கும் காட்சிகளில் நான் உணர்ந்தேன்.

பார்க்கிற பிள்ளைகளைப் பற்றியும் எனக்குக் கவலை உண்டு. அக்கா மகள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது என்னோடு உட்கார்ந்து ஒரு தொடரைப் பார்த்தாள். முடிந்ததும், "அந்த ஸ்கூல்ல ஒருத்தருக்குக்கூட முகத்துல பரு இல்ல, பாத்தீங்களா மாமா?" என்றாள். நான் அந்த நடிகர்களின் வயதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், கன்னத்தில் இருந்த கையை எடுக்கவில்லை.

அந்த நடிகர்களிடம் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. வயதைச் சொன்னால் வேடம் போய்விடும் தொழில் அது. 29 வயதில் பள்ளி மாணவியான அதே கார்டெரிஸ், 2016-இல் அமெரிக்க நடிகர் சங்கத்தின் தலைவரானார். நடிகர் கேட்டுக்கொண்டால் ஐஎம்டிபி போன்ற திரைத்துறைத் தகவல் தளங்கள் வயதை நீக்க வேண்டும் என்று அந்த ஆண்டு கலிஃபோர்னியா கொண்டுவந்த சட்டத்துக்காக அவர் முன்னின்று வாதாடினார். தன் வயது தெரிந்திருந்தால் ஆண்ட்ரியா வேடம் தனக்குக் கிடைத்திருக்காது என்பதை வெளிப்படையாகவே சொன்னார். பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2018-இல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. 2020-இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவுதான் வந்தது. இளையவளாகத் தெரிந்ததால் பிழைத்த ஒருவர், வயது தெரிந்துவிட்டதால் வேலை இழப்பவர்களுக்காக நின்றதை நான் மிகுந்த மரியாதையோடு பார்க்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு தொடரை அவசரமாக முடிக்க வேண்டியிருந்தது. என் வழக்கத்தை விட்டுவிட்டு, படத்தைப் பார்த்தபடியே எழுதினேன். அதில் பதினேழு வயது மகன், தேர்வில் தோற்றதை மறைத்ததைச் சமையலறையில் தாயிடம் ஒப்புக்கொள்கிறான். நடிகருக்கு முப்பதை நெருங்கிய முகம். "நான் ஃபெயில் ஆயிட்டேன். பயமா இருந்துச்சு. அதனாலதான் சொல்லல" என்று எழுதியிருந்தேன். குரல் கொடுத்த கலைஞர் சரியாகவே பேசினார். சவுண்ட் இன்ஜினியர் மட்டும் நிறுத்தினார். "சார், கடைசியில உதடு இன்னும் மூடித் திறக்குது. அங்க ஏதோ ஒரு வார்த்தை இருக்கு" என்றார். ஆங்கிலத் தாளை எடுத்துப் பார்த்தேன். வாக்கியத்தின் முடிவில் அவன் தாயை அழைக்கிறான். அந்த முகத்துக்கு அது வேண்டாம் என்று கை தானாக விட்டிருக்கிறது. பேனாவால் 'அம்மா' என்று சேர்த்து எழுதித் தாளைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அனுப்பினேன். கலைஞர் ஹெட்ஃபோனை மறுபடி மாட்டிக்கொண்டார்.