நிலவறையில் ரேடான்: அளந்ததும் குறைத்ததும்

எங்கள் வீட்டு நிலவறையைப் பிள்ளைகளின் படிப்பறையாக மாற்றத் திட்டமிட்டபோது, சுவருக்கு வண்ணம் பூசும் முன்பே அங்குள்ள காற்றில் ரேடான் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துவிட வேண்டும் என்பதில் என் மனைவி உறுதியாக இருந்தார். நிறமும் மணமும் அற்ற கதிரியக்க வாயு என்பதால் அளந்து பார்ப்பதைத் தவிர அதை அறிய வேறு வழி கிடையாது. மண்ணிலும் பாறையிலும் இருக்கும் யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதையும்போது ரேடான் பிறக்கிறது. மூச்சில் உள்ளே போகும் ரேடானின் பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும். தீங்கு செய்பவை, அது சிதைந்து உண்டாகும் பொலோனியம் போன்றவைதாம். அவை நுரையீரலின் உட்பரப்பில் ஒட்டிக்கொண்டு ஆல்பா துகள்களை உமிழ்கின்றன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே ரேடானை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்துவிட்டது. புகைபிடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் பல மடங்கு.

முதலில் சில நாள்களில் முடியும் கரி டப்பாச் சோதனையைச் செய்தோம். தொடங்குவதற்கு 12 மணி நேரம் முன்பிருந்தே சன்னல்களையும் வெளிக்கதவுகளையும் மூடி வைத்து, போக வரத் தேவையானபோது மட்டும் கதவைத் திறந்து, டப்பாவைச் சுவரிலிருந்தும் காற்றோட்டத்திலிருந்தும் தள்ளி, உட்கார்ந்திருப்பவர் மூச்சுவிடும் உயரத்தில் வைத்தோம். முடிந்தவுடன் அதை மூடி அன்றைக்கே ஆய்வகத்துக்கு அனுப்புவது முக்கியம். ரேடானின் அரை ஆயுட்காலம் 3.8 நாள்தான் என்பதால், அனுப்பாமல் வைத்திருந்தால் கரியில் பிடிபட்ட வாயுவே சிதைந்து குறைந்துபோகும். கன மீட்டருக்கு 410 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று முடிவு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் பரிந்துரைத்த அளவு 100. நாட்டின் சூழலால் அது இயலாத இடத்திலும் 300-ஐத் தாண்டக் கூடாது என்பது அதன் நிலைப்பாடு. ரேடானின் அளவு வானிலையைப் பொறுத்து நாளுக்கு நாள் ஏறி இறங்கும் என்பதால், அறை வேலையை நிறுத்திவிட்டு, ஆல்பா துகள்களின் தடத்தைப் பிளாஸ்டிக் வில்லையில் பதிவு செய்யும் கருவியை மூன்று மாதம் வைத்தோம். அது 340 என்று காட்டியது. அதன் பிறகு யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

நாங்கள் முதலில் அழைத்த ஒப்பந்தக்காரர், தரையிலும் சுவரிலும் உள்ள விரிசல்களை அடைத்து மேலே ஒரு பூச்சுப் பூசிவிட்டால் போதும் என்றார். அடுத்து வந்தவர் எதுவும் சொல்லாமல், தரையும் சுவரும் சேரும் இடுக்கில் ஒரு புகைக் குச்சியைப் பிடித்துக் காட்டினார். மெல்லிய புகை இடுக்குக்குள் போகாமல், அறைப் பக்கமாக வளைந்து தள்ளப்பட்டது. வீட்டின் வெப்பக் காற்று மேலேறி வெளியேறும்போது கீழ்த்தளத்தில் அழுத்தம் சற்றுக் குறைகிறது. அந்த இடைவெளியை நிரப்ப, மண்ணிலுள்ள காற்றை வீடே உறிஞ்சுகிறது. அழுத்த வேறுபாடு சில பாஸ்கல்தான், ஆனால் இரவும் பகலும் நீடிப்பது. கண்ணுக்குத் தெரிந்த பத்து விரிசல்களை அடைத்தாலும் தெரியாத பதினோராவது வழியாக அது வரும். ஆகவே அடைப்பது துணை வேலை. தளத்துக்குக் கீழே இருக்கும் அழுத்தத்தை அறையின் அழுத்தத்தைவிடக் குறைத்துவிடுவதுதான் உண்மையான தீர்வு என்பது அவர் வாதம். எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது.

கான்கிரீட் தளத்தில் ஒரு துளையிட்டு, அதன் வழியே கையைவிட்டு ஜல்லியையும் மண்ணையும் வாளியில் அள்ளி எடுத்து ஒரு சிறு குழி உண்டாக்கினார்கள். குழாய் பொருத்தும் முன், அங்கே உறிஞ்சு கருவியை ஓடவிட்டு, அறையின் மூலைகளில் போட்ட சிறு துளைகளில் இழுப்பு தெரிகிறதா என்று பார்த்தார்கள். கிழக்கு மூலையில் இழுப்பே இல்லை. தளத்துக்கு அடியில் ஓர் உட்சுவரின் அடித்தளம் குறுக்கே ஓடி, ஜல்லிப் படுகையை இரண்டாகப் பிரித்திருந்தது. அதனால் அந்தப் பக்கத்திலும் ஒரு குழி எடுத்து, இரண்டையும் ஒரே பிவிசி குழாயில் இணைத்தார்கள். இந்தச் சோதனையைச் செய்யாமலே குழாயை நட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு என்று பிறகு கேள்விப்பட்டேன். வேலையை ஒப்படைக்கும் முன் இதை வலியுறுத்திக் கேட்பது நல்லது.

மின்விசிறியை நிலவறையில் வைக்காமல் வீட்டின் வெளிச்சுவரில் வைத்தார்கள். விசிறிக்கு மேலே உள்ள குழாயில் காற்று தள்ளப்படுவதால், அந்தப் பகுதி வீட்டுக்குள் இருந்து கசிவு ஏற்பட்டால் செறிந்த ரேடான் நேரே அறைக்குள் வந்துவிடும். குழாயின் வாய் கூரைக்கு மேலே, சன்னல்களிலிருந்து விலகி இருக்கிறது. நீர் தேங்கும் குழிக்கு இறுக்கமான மூடி போட்டு, விரிசல்களை அதன் பிறகுதான் அடைத்தார்கள். எரிவாயு வெந்நீர்க் கருவியின் புகை வெளியேறாமல் உள்ளே திரும்புகிறதா என்பதையும் பார்த்துக்கொண்டார்கள். உறிஞ்சும் விசிறி உள்ள வீட்டில் அதைத் தவறவிடக் கூடாது.

ஒரு நாள் முழுவதும் விசிறி ஓடிய பிறகே மறுசோதனை செய்தோம். 45 என்று வந்தது. பின்னர் வைத்த நீண்டகாலக் கருவியும் அதை ஒட்டியே காட்டியது. குழாயில் நிறத் திரவம் நிரப்பிய வளைகுழாய் ஒன்று பொருத்தியிருக்கிறார்கள்: இரு பக்கத் திரவமும் ஒரே மட்டத்தில் நின்றால் விசிறி இழுக்கவில்லை என்று பொருள். ஆனால் அது இழுப்பை மட்டுமே காட்டும், ரேடானை அளக்காது. எனவே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், வீட்டில் சுவர் இடித்தாலோ தரையை மாற்றினாலோ அப்போதும், மீண்டும் அளப்பது என்று வைத்திருக்கிறோம்.