பனி மூடிய அண்ணாமலையில் ஸ்கந்தாசிரமம் வரை

மார்கழி பிறந்து பத்து நாள் இருக்கும். ரமணாசிரமத்தின் பின்வாசலைத் தாண்டி மலைப்பாதையில் கால் வைத்தபோது மணி ஏழேகால். எதிரே மலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாகப் பனி மட்டும்தான் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே அண்ணாமலை, இப்போது பத்தடிக்கு அப்பால் இல்லவே இல்லை.

"என்னடா, மலையையே காணோம்?" என்றார் அத்தை. சொல்லிவிட்டு அந்த வெள்ளையைப் பார்த்தே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

அத்தைக்கு வயது 66. ஆருத்ரா தரிசனம் வரை திருவண்ணாமலையில் தங்கி, தீப மை வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்புவது என்று முடிவு செய்துகொண்டு வந்திருந்தார். கார்த்திகையில் 11 நாள் உச்சியில் எரிந்த மகாதீபத்தின் மை அது. நடராஜருக்குச் சாத்திய பிறகு பக்தர்களுக்குக் கொடுப்பார்கள். நான் துணைக்குப் போனவன். இந்த ஒரு காலையில் மட்டும் மலை ஏறிவிட்டு வரலாம் என்று அவரை அழைத்து வந்தேன்.

நாய் எப்போது சேர்ந்துகொண்டது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. முதல் திருப்பத்தில் திரும்பிப் பார்த்தேன், பின்னால் நின்றது. செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருந்தது, முதுகு முடியெல்லாம் பனித்துளி. அடுத்த திருப்பத்தில் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"தள்ளிப் போகச் சொல்லுடா அதை. குளிச்சிட்டு வந்திருக்கேன், மேல பட்டுடப் போகுது."

அத்தைக்கு நாய் ஆகாது. பயம் கிடையாது, ஆசாரம்தான். அவர் வீட்டில் நாய் வாசல்படி ஏறிவிட்டால் படியைக் கழுவி விடுவார். நான் கையை ஓங்கிப் பார்த்தேன். அது நாலடி தள்ளி நின்று என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி முன்னால் நடந்தது.

ஸ்கந்தாசிரமம் போகும் பாதை பெரிய ஏற்றமில்லை. தட்டையான கற்களைப் பதித்து வைத்திருக்கிறார்கள், மெதுவாக நடந்தால் வயதானவர்களும் ஏறிவிடலாம். இது மலை மட்டுமல்ல, மலையே லிங்கம் என்பதால் பலரும் செருப்பில்லாமல்தான் ஏறுவார்கள். நாங்களும் அப்படித்தான் ஏறினோம். அன்றைக்குக் கல்லெல்லாம் ஈரம். சில்லென்ற குளிர் உள்ளங்காலில் ஏறி முழங்கால் வரை வந்தது. இரண்டு பக்கமும் எலுமிச்சைப் புல் பனியில் நனைந்து வளைந்து கிடந்தது, கை பட்ட இடத்தில் அதன் வாசனை. செங்கம் ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹாரன் எங்கோ அடியில் கேட்டது. ஆசிரமத்து மயில் ஒன்று அகவியது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்று, எங்கள் மூச்சு மட்டும் கேட்டது.

பிரம்மா அன்னமாகப் பறந்து முடியைத் தேடினார், விஷ்ணு வராகமாகத் தோண்டி அடியைத் தேடினார், இரண்டு பேருக்கும் அகப்படவில்லை என்கிற கதையைச் சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்று நடுப்பாதையில் நின்று மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே வெள்ளை. எனக்குச் சிலிர்த்துவிட்டது. அத்தையிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் "அருணாசலசிவ" என்று மெல்ல ஆரம்பித்தார்.

ஓரிடத்தில் பாதை இரண்டாகப் பிரிவது போலிருந்தது. நான் இடது பக்கம் திரும்பி இருபது முப்பது அடி போயிருப்பேன். கல் பதித்த தரை முடிந்து வெறும் மண்ணும் சரளையும் வந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அத்தைதான் கூப்பிட்டார். "டேய், அது வரலைடா."

திரும்பிப் பார்த்தால், நாய் பிரிவிலேயே நின்றுகொண்டிருந்தது. குரைக்கவில்லை, வாலும் ஆட்டவில்லை, எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. நாங்கள் திரும்பி வந்ததும் வலது பக்கப் பாதையில் இறங்கி நடக்க ஆரம்பித்தது. நாலு எட்டு வைத்ததும் பதித்த கல் மறுபடி காலில் தட்டுப்பட்டது.

அங்கே ஒரு பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். அத்தை அப்போதுதான் கமலாவின் கதையைச் சொன்னார். என் தாத்தா கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை பகவான் ரமணரைத் தரிசித்தவர். பகவானைப் பற்றி வீட்டில் எங்களுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் அவர் மூலமாகத்தான்.

கமலா பகவானிடம் இருந்த நாய். குட்டியாக வந்து சேர்ந்தபோது, இது இருந்தால் வருஷா வருஷம் குட்டி போடுமே என்று பயந்து கூட இருந்தவர்கள் விரட்டப் பார்த்தார்கள். அவள் போகவில்லை. முதல் பிரசவத்தின்போது கமலாவைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்து, ஆசிரமத்திலேயே சுத்தமான இடம் ஒதுக்கிக் குட்டிகளோடு பத்து நாள் வைத்திருந்தார்கள். பத்தாம் நாள் தீட்டுக் கழித்து விருந்தும் நடந்தது. புதிதாக யாராவது வந்தால், "கமலா, இவரை மலை சுற்றிக் காட்டிட்டு வா" என்பாராம் பகவான். அவளும் கூட்டிக்கொண்டு போய், வழியில் இருக்கிற ஒவ்வொரு சந்நிதியையும் குளத்தையும் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். கிரிவலம் என்றால் 14 கிலோமீட்டர்.

"பகவான் எந்தப் பிராணியையும் 'அது'ன்னு சொல்லவே மாட்டாராம்டா. அவன், அவள்தான். 'பசங்களுக்குச் சோறு போட்டாச்சா'ன்னு கேட்டா நாய்களைக் கேக்கறார்னு அர்த்தம். ஆசிரமத்துல முதல்ல அவங்களுக்கு, அப்புறம் வந்திருக்கிற ஏழைகளுக்கு, கடைசியிலதான் பக்தர்களுக்கு."

சொல்லும்போது அத்தையின் குரல் தழுதழுத்தது. பாறைக்குக் கீழே அந்த நாய் சுருண்டு படுத்திருந்தது. அத்தை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார், அதன் மேல் பட்டுவிடாமல். இரண்டையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மேலே நெருங்குகிற இடத்தில், மாக்கல்லில் சின்னச் சின்னச் சிலை செதுக்கி விற்கிற பெரியவர் ஒருவர் போர்வைக்குள் உட்கார்ந்து, உளியை மட்டும் வெளியே நீட்டி வேலை செய்துகொண்டிருந்தார். நாயைப் பார்த்ததும் சிரித்தார். "இன்னிக்கு நீங்களா? தெனம் யாரையாவது கூட்டிட்டு வந்துரும் சார்." அத்தை நின்று நாயை ஒரு முறை பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

ஸ்கந்தாசிரமக் கதவு திறக்கக் கொஞ்சம் காத்திருந்தோம். அங்கேதான் குரங்கு வந்தது. என் கையில் இட்லி மடித்த பை. மரத்திலிருந்து ஒன்று இறங்கியதை நான் கவனிக்கவே இல்லை, பின்னாலிருந்து பையைப் பிடித்து இழுத்தபோதுதான் தெரிந்தது. அதுவரை ஒரு சத்தம் போடாத நாய் பாய்ந்து குரைத்த குரைப்பில் குரங்கு பையை விட்டுவிட்டுக் கிளைக்குத் தாவியது. பை ஓரத்தில் மட்டும் கிழிசல்.

கதவு திறந்ததும் நாங்கள் உள்ளே போனோம். நாய் வாசலுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டது. அதற்கு அந்த எல்லை தெரிந்திருந்தது.

கந்தசாமி என்கிற பக்தர் முள்ளும் கள்ளியுமாகக் கிடந்த இந்தச் சரிவைத் தன் கையாலேயே திருத்திப் பகவானுக்காக அமைத்த இடம் இது. அவர் பெயரே இடத்துக்கும் நின்றுவிட்டது. 1899 முதல் விரூபாக்ஷ குகையில் இருந்த பகவான், 1916-இல் இங்கே வந்து 1922 வரை இருந்தார். அவர் தாயார் அழகம்மாள் மகனோடு கடைசிக் காலத்தைக் கழித்ததும் இங்கேதான். 1922 மே 19 அன்று அந்த அம்மாள் உடலை விட்டபோது, பகவான் ஒரு கையை அவர் மார்பிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி பக்கத்திலேயே இருந்தார். கீழே ஆசிரமத்தில் மாத்ருபூதேஸ்வரர் சந்நிதியாக நாம் கும்பிடுவது அந்தத் தாயாரின் சமாதியைத்தான்.

அந்த அம்மாள் உடலை விட்ட அறையில் உட்கார்ந்த அத்தை எழுந்திருக்கவே இல்லை. அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். போன வருஷம்தான் என் பாட்டி, அத்தையின் அம்மா, காலமானார். கடைசி நேரத்தில் அத்தையால் வந்து சேர முடியவில்லை. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவரின் கன்னம் நனைந்திருந்தது. நான் வெளியே வந்து சுனைப் பக்கம் நின்றுகொண்டேன். பாறையில் தண்ணீர் கசிகிற சத்தம். தென்னங்கீற்றிலிருந்து பனி சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை, நின்றால் போதும் என்றிருந்தது.

அத்தை வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. வாசலைப் பார்த்தார்.

"இவ இன்னும் போகலையா?"

ஊர்ப் பக்கமாக இறங்கலாம் என்று விரூபாக்ஷ குகைப் பாதையைப் பிடித்தோம். படிகள் செங்குத்தாக இருந்தன. அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். செம்பட்டை முதுகு இரண்டு படி முன்னாலேயே போனது. நாங்கள் நின்றால் அவளும் நின்றாள். ஒரு வளைவில், ஈரக்கல்லில் அத்தைக்குக் கால் லேசாக வழுக்கியது. சமாளித்து நின்றபோது அவர் புடவைக் கொசுவம் நாயின் மேல் பட்டுக்கொண்டிருந்தது. அத்தை இழுத்துக்கொள்ளவில்லை.

குகையில், ஓங்கார வடிவமான அந்தச் சின்ன இருட்டில், விரூபாக்ஷ தேவரின் சமாதி மேட்டுக்கு முன்னால் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தோம். வெயில் வந்திருந்தது. கீழே பனி கலைந்தது. முதலில் 217 அடி ராஜகோபுரத்தின் கலசங்கள், அப்புறம் அதன் பதினோரு நிலைகள், பிறகு ஒவ்வொன்றாக மற்றக் கோபுரங்கள், மதில்கள். அண்ணாமலையார் கோயில் முழுவதும் காலடியில் விரிந்து கிடந்தது. திரும்பிப் பார்த்தேன், மேலே மலையும் வந்துவிட்டது. உச்சி வரைக்கும், துளி மேகமில்லாமல். அத்தை நின்ற இடத்திலேயே தரையில் நெற்றி படக் கும்பிட்டு எழுந்தார்.

அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்து பையைப் பிரித்தேன். மிளகாய்ப் பொடி தடவிய இட்லி எனக்கு. அத்தைக்கு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் பொடி தடவாமல் மூன்று தனியாக இருந்தது. நான் ஒன்றை எடுத்து வாயில் வைக்கப் போனேன்.

"இருடா," என்று என் கையைத் தடுத்தார் அத்தை. "முதல்ல அவளுக்கு."

தன் பங்கிலிருந்து இரண்டு இட்லியை எடுத்துப் பிட்டு, இலையில் பரப்பி, தானே குனிந்து அவள் முன்னால் வைத்தார்.