ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் நடுவில்

மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்திய 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் நானும் பயனடைந்தவள். ஆனால் பெங்களூரில் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கு உண்மையான தவிப்பு, விடுப்பு முடிந்த மறுநாள்தான் தொடங்குகிறது. அங்கன்வாடியில் முன்பருவக் கல்வி மூன்று வயதில்தான் ஆரம்பமாகிறது. இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகளுக்கு அரசின் ஏற்பாடு என்று ஏதாவது இருக்கிறதென்றால், அது வேலூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ ரயிலேறி வரும் பாட்டிதான். எங்கள் வீட்டில் அம்மாவும் மாமியாரும் முறைவைத்து வந்தார்கள். யாருக்காவது முழங்கால் வலி கூடினால் நான் அலுவலகத்தில் விடுப்புக் கேட்டு நிற்பேன்.

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவரலாம் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. நான் அப்போது வேலை பார்த்த அலுவலகம், வெளிவட்டச் சாலையின் எதிர்ப்புறத்தில் இருந்த ஒரு தனியார் காப்பகத்தோடு ஒப்பந்தம் செய்திருந்தது. கணக்குக் காட்ட அது போதும். மதிய நெரிசலில் ஆட்டோ பிடித்து, யு வளைவில் காத்துக்கிடந்து, பால் கொடுத்துவிட்டுத் திரும்பவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்போது, நான்கு முறைக்கு எங்கே போவது?

இதைவிடப் பெரிய கோளாறு, செலவை யார் தலையில் கட்டுகிறோம் என்பது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் சேர்ந்தவர்களுக்கு, தொழிலாளியும் முதலாளியும் கட்டும் சந்தாவிலிருந்து அந்தக் காப்பீட்டுக் கழகமே விடுப்புக்கால ஊதியத்தைத் தருகிறது. அந்த வரம்பைத் தாண்டியவர்களுக்கு 26 வாரச் சம்பளமும் முதலாளியின் கைக்காசு. சின்ன நிறுவனங்கள் நேர்முகத்தேர்வில் ‘கல்யாணம் ஆகிவிட்டதா’ என்று விசாரிப்பது இந்தக் கணக்கில்தான். இந்தச் சுமையைத் தனி முதலாளி மீது ஏற்றக்கூடாது, காப்பீடோ பொதுநிதியோ ஏற்க வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 183ஆம் உடன்படிக்கையின் நிலைப்பாடு. இந்தியா அதை ஏற்கவில்லை. தந்தையர் விஷயமோ இன்னும் மோசம்: மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு, தனியார் துறையில் நிறுவனம் மனம் வைத்தால்தான்.

எங்கள் அடுக்ககத்தில் வீட்டுவேலை செய்யும் கிருஷ்ணகிரிப் பெண்களுக்கு இந்தச் சட்டம் எதுவும் பொருந்தாது. முதல் குழந்தைக்கு மத்திய அரசு தரும் 5,000 ரூபாய், அதுவும் தகுதியும் ஆவணங்களும் சரியாக அமைந்தால்தான். பிறகு கைக்குழந்தையை மூத்த பெண்பிள்ளையிடம் விட்டுவிட்டு வருகிறார்கள். அவளுடைய பள்ளிக்கூடம் அதோடு தடைபடுகிறது. கர்நாடக அரசு கிராமப் பஞ்சாயத்துகளில் ‘கூசின மனெ’ என்ற பெயரில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான காப்பகங்களை ஏற்கெனவே நடத்துகிறது. அதை நகர வார்டுகளுக்கும் கொண்டுவந்து, வேலை முடியும் நேரம்வரை திறந்துவைத்தால், அலுவலகம் போகும் நானும் அந்தப் பெண்களும் ஒரே வாசலில் குழந்தையை விட்டுவிட்டுப் போவோம்.